பதினான்கு கேள்விக்குறிகள்

(வாசுதேவநல்லூரில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நோட்டீஸில் தலைப்பைப் பார்த்த பெரியவர் ஒருவர் உள்ளே வரும்போதே என்னை மறித்து, "தம்பி, வினாத்தாள் பத்தியா பேசப் போறீங்க?" என்று கேட்டார். இல்லை ஐயா. அந்தப் பதினான்கு கேள்விக்குறிகளும் நம்முடைய ஊரின் பெயர்தான். ஒரு கணினி நம் ஊரை அப்படித்தான் வாசித்தது. அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை வாங்கும் சின்னச் சின்ன நிரல்கள் உண்டு. கமாண்ட் லைன் கருவிகள் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியும். பட்டியலை வரிசைப்படுத்த ஒன்று, எழுத்தை எண்ண ஒன்று, கோப்பை நகலெடுக்க ஒன்று, அழிக்க ஒன்று. அப்படி ஒரு கருவியின் புதிய பதிப்பை ஊருக்குக் கொடுப்பதற்கு முன்னால், அதை விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று வெவ்வேறு இயங்குதளங்களில் ஓட்டிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லவேண்டும். பேர் வாங்கித் தரும் வேலை இல்லை. எல்லாம் சரியாக நடந்தால் நான் இருந்ததே யாருக்கும் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது சென்னையிலோ பெங்களூரிலோ இல்லை. இந்த ஊரில், என் மாமாவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். பழைய மெஷின்கள் ஏழெட்டு இருக்கும். ஒன்றில் 'ஏ' கட்டை அழுந்தாது. ஒன்றில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒன்றரை இடம் நகரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் மெஷினின் குணம் விரலுக்குப் பழகியிருக்கும். லோயர், ஹையர் பரீட்சை வந்தால் மாமா ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, மெஷின்களைச் சாக்கில் சுற்றி ஏற்றி, பரீட்சை நடக்கிற ஊருக்கே கொண்டுபோவார். "பழகாத மெஷின்ல உக்காந்தா கெட்டிக்காரப் பயலும் தப்பாத்தான் அடிப்பான் மருமவனே" என்பார்.

இன்றைக்கு கன்டெய்னர் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அது இந்தக் குட்டியானைதான். நிரலோடு அது பழகிய சூழலையும் கட்டி ஏற்றி அனுப்பிவிடுவது. சர்வரில் ஓடுகிற நிரலுக்கு அது சரி. கமாண்ட் லைன் கருவிக்குச் சரிவராது. அது போய் உட்காரும் இடம் யாரோ ஒருவருடைய மெஷின். அவருடைய கோப்புகள், அவருடைய மொழி, அவருடைய பழைய இயங்குதளம். அங்கே நம் மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

டைப்ரைட்டர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். வரி முடிந்ததும் இடதுபக்க நெம்புகோலைத் தள்ளுவோம். அதில் இரண்டு வேலை நடக்கும்: உருளை ஒரு வரி சுற்றும், வண்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். டெலிபிரின்டரில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி வைத்தார்கள். கணினி அதை அப்படியே வாங்கிக்கொண்டது. யூனிக்ஸ்காரர்கள் வரி சுற்றும் குறி ஒன்றே போதும் என்றார்கள். டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. அதனால்தான் விண்டோஸில் பேஷ் என்ற நிரலுக்கு எழுதிய ஸ்கிரிப்டை லினக்ஸுக்குக் கொண்டுபோனால், பேஷ் கண்ணெதிரே இருக்கும்போதே "அப்படி ஒரு நிரலே இல்லை" என்று பதில் வருகிறது. முதல் வரியில் அதன் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வண்டி திரும்பும் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்துப் பெயர் என்று படிக்கிறது லினக்ஸ்.

இவ்வகைச் சிக்கல்களுக்கு ஒரு பொதுவிதி வேண்டுமென்றுதான் 1988இல் போசிக்ஸ் தரம் வந்தது. கட்டளைகளுக்கான பகுதி 1992இல். நல்ல முயற்சி, ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட குறைந்தபட்சம் மட்டுமே அதில் இருக்கும். கோப்பை அதே இடத்தில் திருத்த 'செட்' கட்டளைக்கு 'மைனஸ் ஐ' கொடுப்போம் அல்லவா, அது அந்தத் தரத்தில் கிடையாது. லினக்ஸில் சும்மா கொடுத்தால் போதும். மேக்கில் அதன் பின்னால் வெற்று மேற்கோள் ஒன்றும் தரவேண்டும். தராவிட்டால் நீங்கள் எழுதிய திருத்தத்தையே காப்புக்கோப்பின் பெயர்வால் என்று எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் உடனே சத்தம் போடுகிற தவறுகள். ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். எனக்குப் பயம் சத்தம் போடாதவற்றிடம்தான்.

இனி அந்தக் கேள்விக்குறிகளுக்கு வருகிறேன். ஊருக்கு ஒரு கோப்பு என்று மழைக்கணக்கு வைத்திருக்க நானே ஒரு சின்னக் கருவி எழுதினேன். கோப்பின் பெயர் ஊரின் பெயர், தமிழிலேயே. பழைய கோப்பை நீக்க ஒரு வசதி. லினக்ஸில் ஓட்டினேன், சரி. மேக்கில் ஓட்டினேன், சரி. வெளியிடுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு சோதனை மெஷினில் விண்டோஸில் ஓட்டினேன். வாசுதேவநல்லூரை நீக்கு என்றேன். நீக்கியது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. பிறகு அடைவைத் திறந்து பார்த்தால் புளியங்குடி இல்லை, சிவகிரி இல்லை, கடையநல்லூர் இல்லை, சங்கரன்கோவில் இல்லை. நெற்கட்டும்செவல் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

பூலித்தேவன் கோட்டை அல்லவா, விழாது என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் காரணம் தெரியாமல் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் இதுதான். விண்டோஸ் பழைய காலத்தில் பல மொழிகளுக்கு 256 இடங்கள் கொண்ட எழுத்துப்பட்டியல்கள் வைத்திருந்தது. ஆங்கிலத்துக்கு உண்டு, ரஷ்யனுக்கு உண்டு, அரபிக்கு உண்டு, தாய் மொழிக்கும் உண்டு. தமிழுக்குக் கிடையாது. விண்டோஸ் 2000 வந்தபோது தமிழும் இந்தியும் நேரே, எல்லா மொழிக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடாகவே உள்ளே வந்தன. யூனிகோடில் பேசுகிற நிரலுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் பழைய பாணியில் எழுதியிருந்தேன். அந்த வழியில் தமிழ்ப் பெயர் போனால், தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறியையும் விண்டோஸ் ஒரு கேள்விக்குறியாக மாற்றிவிடும். வாசுதேவநல்லூர் என்பது யூனிகோடில் 14 குறிகள். ஆகவே 14 கேள்விக்குறிகள். என் கருவி அந்தப் பெயரை 'டெல்' கட்டளைக்குக் கொடுத்தது. 'டெல்' கட்டளைக்குக் கேள்விக்குறி என்றால் என்ன பொருள்? 'ஏதாவது ஓர் எழுத்து, இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்று பொருள். அதாவது, 14 குறிகளுக்குள் பெயர் உள்ள எல்லா ஊரையும் அழி என்று நான் உத்தரவு போட்டிருக்கிறேன். சிவகிரி 7 குறி, புளியங்குடி 11, கடையநல்லூர் 11, சங்கரன்கோவில் 13. நெற்கட்டும்செவல் 16. அதனால் பிழைத்தது.

கதை இதோடு முடியவில்லை. அந்த அடைவு டி டிரைவில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதையே சி டிரைவில் வைத்து மறுபடி ஓட்டினேன். இந்த முறை நெற்கட்டும்செவலும் போய்விட்டது! டாஸ் காலத்தில் கோப்புக்கு எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்து வால் என்று கணக்கு. அந்தக் குறும்பெயரை விண்டோஸ் இன்னும் சி டிரைவில் நீண்ட பெயருக்குப் பின்னால் ரகசியமாக வைத்திருக்கிறது. புதிதாக வடிவமைத்த மற்ற டிரைவ்களில் பெரும்பாலும் வைப்பதில்லை. 'டெல்' நீண்ட பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கும், குறும்பெயரோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். குறும்பெயர் எட்டு எழுத்தைத் தாண்டாது. 14 கேள்விக்குறிக்குள் தாராளமாக அடங்கிவிட்டது. ஒரே மெஷின், ஒரே விண்டோஸ், ஒரே கருவி. டிரைவ் மாறினால் விடை மாறுகிறது. இயங்குதளம் மூன்று என்று நாம் எண்ணுகிறோமே, அந்த எண்ணிக்கையே சரியில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மாமாவிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரில மருமவனே, பரிசோதிக்கதுக்கு எந்த ஊர்ப் பேரை அடிச்ச?" என்றார்.

"நம்ம ஊர்ப் பேரைத்தான் மாமா."

"அதான பாத்தேன். அவனவன் ஊரைத்தான் அவனவன் அடிப்பான்."

அவர் சும்மா சொன்னது. ஆனால் கொஞ்ச நாளில் அது வேறு விதமாகத் திரும்பி வந்தது. மேக்கில் சரி என்றேனே, அது சரியில்லை.

சங்கரன்கோவில் என்று எழுதுங்கள். அதில் 'கோ' இருக்கிறது. அந்த ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்கு முன்னும் பின்னும் வருவதை ஒரே குறியாக வைப்பது ஒன்று. ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எந்தக் கண்ணும் வித்தியாசம் கண்டுபிடிக்காது. மேக்கில் 1998 முதல் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்புமுறை, நீங்கள் எப்படிக் கொடுத்தாலும் பெயரைப் பிரித்து இரண்டாக்கித்தான் வைக்கும். லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைக்கும். ஆகவே லினக்ஸில் 39 பைட்டாக இருந்த சங்கரன்கோவில் மேக்குக்குப் போய்த் திரும்பி வரும்போது 42 பைட்டாக வருகிறது. ஒரே அடைவில் இரண்டு சங்கரன்கோவில்! ஒன்றில் இந்த ஆண்டு மழை, இன்னொன்றில் போன ஆண்டு மழை. எதைத் திறக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி உள்ள பெயர்களுக்கெல்லாம் இது உண்டு. வாசுதேவநல்லூரில் அந்தக் குறிகள் ஒன்றுகூட இல்லை. நான் என் ஊரை அடித்துச் சோதித்தேன், மேக் 'சரி' என்றது. சங்கரன்கோவில்காரர் ஒருவர் சோதித்திருந்தால் முதல் நாளிலேயே மாட்டியிருக்கும். கிட் என்ற பதிப்புக் காப்பு நிரலில் இந்தக் குழப்பத்துக்காகவே 2012இல் ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள். 2017இல் ஆப்பிள் தன் கோப்புமுறையையே மாற்றியது. புதியது கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கிறது. பழைய வட்டுகள் மட்டும் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன.

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. 'டிஆர்' என்று ஒரு கட்டளை. ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக மாற்றும், அல்லது அழிக்கும். லினக்ஸில் நாம் பயன்படுத்தும் ஜிஎன்யு 'டிஆர்' எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கும். அதன் கையேடே அதை ஒப்புக்கொண்டு வந்திருக்கிறது. மேக்கில் உள்ள 'டிஆர்' எழுத்தைப் பார்க்கும். தமிழில் ஓர் எழுத்துக் குறிக்கு மூன்று பைட்டுகள். முதல் பைட்டு எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றேதான்.

லினக்ஸில் ககரத்தைச் சகரமாக மாற்று என்று கொடுத்தேன். அழகாக மாற்றியது. சோதனை வெற்றி என்று குறித்துக்கொண்டேன். அது தற்செயல். ககரமும் சகரமும் கடைசி பைட்டில் மட்டும்தான் வேறுபடுகின்றன, அதனால் தப்பித்தது. பிறகு ககரத்தை அழி என்று கொடுத்து, வாசுதேவநல்லூரை உள்ளே அனுப்பினேன். நம் ஊர்ப் பெயரில் ககரமே கிடையாது. ஒன்றும் நடக்கக்கூடாது. நடந்தது என்னவென்றால், ககரத்தின் மூன்று பைட்டுகளையும் தனித்தனியாக எங்கே கண்டாலும் அது அழித்தது. 42 பைட்டுகள் உள்ளே போயின, 19 வெளியே வந்தன. அந்தப் பத்தொன்பதில் ஓர் எழுத்துகூடத் தேறாது. கட்டளை மட்டும், வேலை முடிந்தது, பிழை ஏதுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

எழுத்து எண்ணும் கட்டளையும் இப்படித்தான். நம் ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் விரல் மடக்கி எட்டு என்று சொல்லும். 'டபிள்யூசி' பைட்டுக் கணக்கில் 42 என்கிறது, குறிக்கணக்கில் 14 என்கிறது. மெஷினுக்கு மொழி வழக்கத்தைச் சொல்லும் லொகேல் அமைப்பு 'சி' என்று இருந்தால், குறிக்கணக்கு கேட்டாலும் 42 என்றே சொல்லும். எட்டு என்று சொல்ல முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய ஓப்பன் தமிழ் போன்ற நூலகம் வேண்டியிருக்கிறது. வரிசைப்படுத்துவதிலும் அதே கதை. ய, ர, ல, வ, ழ, ள என்று படித்தோம். அந்தக் கணக்கில் கழுகுமலை முன்னால், களக்காடு பின்னால். யூனிகோடு பட்டியலில் ளகரம் ழகரத்துக்கு முன்னால் இருக்கிறது. 'சி' லொகேலில் 'சார்ட்' ஓட்டினால் களக்காடு முந்திவிடும். இரண்டு மெஷின்களில் இரண்டு விதமாக வரிசைப்படுத்திய பட்டியல்களைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் வேதனை.

இதையெல்லாம் உலகம் எப்படிச் சமாளிக்கிறது? ஜிஎன்யு கோர்யூட்டில்ஸ் என்ற தொகுப்பில் நான் சொன்ன 'சார்ட்', 'டபிள்யூசி', 'டிஆர்' உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள் இருக்கின்றன. அதன் புதிய பதிப்பு வருவதற்குச் சில நாள் முன்னால் முன்பிரதி ஒன்றை வெளியிட்டு, உங்கள் மெஷினில் ஓட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். இறக்கி, 'மேக் செக்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். சோதனைகள் தாமாகவே வரிசையாக ஓடும். தேறியது, தோற்றது, தவிர்த்தது என்று வகை வகையாகக் கணக்கு வரும். யாரோ ஒருவர் சோலாரிஸில் ஓட்டுவார், யாரோ ஃப்ரீபிஎஸ்டியில், யாரோ பதினைந்து வயதான மேக்கில். மெஷின் இல்லாதவர்களுக்காக, இலவச மென்பொருள் எழுதுகிறவர்கள் புகுந்து ஓட்டிப் பார்க்க கம்பைல் ஃபார்ம் என்ற பொதுக் கணினித் தொகுப்பும் இருக்கிறது.

நீங்கள் அந்தக் கணக்கைப் பார்க்கும்போது 'தோற்றது' என்ற வரியைத்தான் பார்ப்பீர்கள். 'தவிர்த்தது' என்ற வரியைப் பாருங்கள். ஒரு சோதனைக்கு பிரெஞ்சு லொகேல் வேண்டும். உங்கள் மெஷினில் பிரெஞ்சு இல்லை. சோதனையை விட்டுவிட்டுப் போய்விடும். கடைசியில் எல்லாம் பச்சை. பார்க்காததும் பச்சைக்குள் ஒளிந்துகொள்ளும். இந்தக் கருவிகளின் அடித்தளமான நிரல் தொகுப்பில், சோதனைக்கென்று மெஷினில் தேடிப் பார்க்கிற லொகேல்களில் பிரெஞ்சு, ஜப்பானியம், சீனம், துருக்கி எல்லாம் இருக்கின்றன. துருக்கி ஏன் என்றால், அவர்கள் மொழியில் புள்ளி உள்ள 'ஐ', புள்ளி இல்லாத 'ஐ' என்று இரண்டு உண்டு. சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும்போது பல நிரல்கள் அதில்தான் குப்புற விழும்.  தமிழ் அந்த வரிசையில் இல்லை. நாம் புகார் சொல்வதில்லை. திரையில் கட்டம் கட்டமாக வந்தால் 'நமக்கு வராது போல' என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோம்.

சோதனைத் தொகுப்பு பெரிதாக இருந்தாலும் போதாது என்பதற்குப் புதிய எடுத்துக்காட்டு ஒன்று. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, பழைய ஜிஎன்யு கட்டளைகளுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதிய தொகுப்பைக் கொண்டுவந்தது. அதை எழுதியவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஜிஎன்யுவின் சோதனைகளையே தங்கள் நிரல் மீது ஓட்டிப் பார்க்கிறவர்கள். ஆனாலும் ஒன்று நழுவிவிட்டது. 'டேட்' கட்டளைக்கு 'மைனஸ் ஆர்' கொடுத்து ஒரு கோப்பைக் காட்டினால், அந்தக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லவேண்டும். புதிய 'டேட்' இப்போதைய நேரத்தைச் சொன்னது. பிழை எதுவும் காட்டவில்லை. தேதி கேட்டார்கள், தேதி கிடைத்தது. விளைவு, சில மெஷின்களில் தானாகப் புதுப்பிப்புகளைத் தேடும் வேலை நின்றுபோயிற்று. அப்போதுதான் புதுப்பித்தேன் என்று அந்த மெஷின் ஒவ்வொரு முறையும் நம்பிக்கொண்டது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு அண்ணன் அக்காமார் வாங்கிய விலையில்லா மடிக்கணினி நினைவிருக்கும். 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் வந்த மெஷின்களைத் திறந்தால் விண்டோஸா பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. ஒரே உடலில் இரண்டு. நம் சிந்தாமணிநாதர் கோயிலில் அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிடுகிற ஊருக்கு, சங்கரநாராயணரைக் கும்பிடுகிற ஊருக்குப் பக்கத்து ஊருக்கு, இதை விளக்கவேண்டியதில்லை. பெரும்பாலோர் விண்டோஸ் பக்கத்தையே திறந்தார்கள். லினக்ஸ் பக்கம் தூசி படிந்து கிடந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இரண்டு இயங்குதளங்களில் ஒரே நாளில் ஒரு நிரலை ஓட்டிப் பார்க்கும் வசதி, இத்தனை ஆயிரம் பிள்ளைகளின் கையில், வேறெங்கே இருந்தது? பரண்மேல் அப்படி ஒன்று கிடந்தால் இறக்குங்கள். பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை, சார்ஜரில் ஓடும். புதிய மெஷினில் தேறுவது பெரிய விஷயமில்லை. பழைய மெஷினில்தான் நமக்குச் சேதி இருக்கிறது.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறது, வேலைக்கு ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை என்று வருகிறபோது பஸ்ஸில் இரண்டு பையன்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். நல்லது. ஆனால் நான் சொல்லும் வேலைக்கு அந்த அளவுகூடப் போகவேண்டியதில்லை. 'என் மெஷினில் இன்ன பதிப்பு, இன்ன லொகேல், இந்தப் பெயரைக் கொடுத்தேன், இத்தனை பைட்டு வந்தது, இத்தனை வரவேண்டும்' என்று நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தால் போதும். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். 42 உள்ளே போனது, 19 வெளியே வந்தது என்று எழுதினால், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் எழுந்து உட்காருவார்.

அந்த மழைக்கணக்குக் கருவி இப்போதும் இருக்கிறது. அதன் சோதனை அடைவில் ஊர்களின் பெயர்கள் வைத்திருக்கிறேன். மாமா சொல்லச் சொல்ல எழுதியது. நம் ஊர் குறிகளை எண்ண, நெற்கட்டும்செவல் குறும்பெயரைப் பிடிக்க, சங்கரன்கோவில் ஓகாரத்துக்கு, கழுகுமலையும் களக்காடும் வரிசைக்கு. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் அவை எல்லா மெஷினிலும் ஓடும். போன வாரம் ஓட்டியதில் எல்லா ஊரும் தேறிவிட்டன, ஒன்றைத் தவிர. ஒரு நண்பரின் பழைய மேக்கில் சங்கரன்கோவில் இன்னும் தோற்கிறது. அந்த மேக்கை நாளைக்குக் காலையில் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பார்க்க விரும்புகிறவர்கள் மாமா இன்ஸ்டிட்யூட்டுக்கு வாருங்கள். பத்து மணி வரை அங்கே ஹையர் வகுப்பு நடக்கும், சத்தமாக இருக்கும்.